இயந்திரம் நின்றது, அமுக்கம் நின்றதா?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கைத்தொழிலைப் பற்றிய பேச்சு மறுபடியும் எழுந்திருக்கிறது. காங்கேசன்துறை, மாங்குளம், பரந்தன் ஆகிய இடங்களில் கைத்தொழில் வலயங்கள் அமைக்கப்படும் என்று அரசு அறிவித்திருக்கிறது. மேடைகளிலே முதலீட்டின் கணக்குச் சொல்லப்படுகிறது. எத்தனை இளைஞருக்கு வேலை கிடைக்கும் என்ற கணக்கும் சொல்லப்படுகிறது. நன்று. ஆனால் இன்னொரு கணக்கும் உண்டு. காலையிலே இரண்டு கைகளோடு வேலைக்குப் போகின்றவன் மாலையிலே அதே இரண்டு கைகளோடு வீடு திரும்புவானா? இந்தக் கேள்வியைக் கேட்பார் ஒருவரையும் நாம் காணவில்லை. ஆகவே அதை நாம் கேட்கிறோம்.

வேலை வேண்டும் என்று ஏங்கி நிற்கும் நாட்டிலே, ஆலை வரும் முன்னரே அதன் ஆபத்தைப் பேசுவது அபசகுனம் என்று சிலர் முகஞ்சுளிப்பர். ஆலை வந்தபின் பேசினால், உற்பத்தியைக் குழப்புகிறீர்கள் என்று அவர்களே சொல்வர். அப்படியானால் எப்போதுதான் பேசுவது? கிணறு வெட்டும்போதே கட்டுக் கட்டுகிறோம். குழந்தை விழுந்தபின் அன்று.

அரைப்பதே ஆலையின் உயிர்

நம் மண்ணின் பெருந்தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். ஜி. ஜி. பொன்னம்பலம் அவர்கள் கைத்தொழில் அமைச்சராயிருந்த காலத்தில், 1950ஆம் ஆண்டு, காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. குடாநாட்டின் அடியிலே கிடக்கும் சுண்ணாம்புக்கல்லை வெட்டி, உடைத்து, மாவாக அரைத்து, ஏறத்தாழ 1,450 பாகை வெப்பத்திலே சுட்டு, வரும் கிளிங்கரை ஜிப்சத்தோடு சேர்த்து மறுபடியும் அரைத்தாற்றான் சீமெந்து. இங்கே சுட்ட கிளிங்கர் காலி வரைக்கும் சென்று அங்கே அரைக்கப்பட்டது. நாற்பதாண்டு காலம் பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பு அந்தச் சூளையின் நெருப்பால் எரிந்தது. 1990இல் போர் அதனை மூடியது.

சீமெந்துத் தொழிலைச் சுடுகின்ற தொழில் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது இருமுறை அரைக்கின்ற தொழில். சீமெந்து மாத்திரமா? அரிசி மா, மிளகாய்த்தூள், ஒடியல் மா, கோழித்தீன் இவை யாவும் அரைத்துப் பெறுபவையே. எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறையிலே கிராங்க் தண்டைச் சீர்செய்வதும், சிலிண்டர் தலையைச் சமன்செய்வதும் சாணைக்கல்லால் அரைக்கின்ற வேலைகளே. நம் ஊரின் தொழில் வாழ்க்கையிலே அரைக்கும் இயந்திரம் இல்லாத இடம் எது? ஆகவேதான் இந்த ஒரு வகை இயந்திரத்தை முன்வைத்து எல்லாவற்றையும் பேசத் துணிகிறோம்.

பழைய சீமெந்து ஆலையிலே உருக்கு உருண்டைகள் நிரம்பிய பெரும் உருளை சுழன்று அரைத்தது. இன்று உலகெங்கும் எழுகின்ற புதிய ஆலைகள் பலவற்றில் அந்த முறை மாறிவிட்டது. சுழலும் மேசையொன்றின் மீது பாரிய உருளைகள் ஏறி நிற்கின்றன; அவற்றை மேசையோடு அமுக்குவது எண்ணெயின் அமுக்கம். இதுவே ஐதரோலிக் முறை. பட்டறையிலுள்ள சமதள அரைப்பு இயந்திரத்திலும், மேசையை முன்னும் பின்னும் ஓட்டுவது பெரும்பாலும் இதே எண்ணெய்தான். நாளை காங்கேசன்துறையிலே எந்த ஆலை எழுந்தாலும் இந்த இயந்திரங்களே வந்திறங்கும் என்று எதிர்பார்க்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத பளு

அடைத்துவைத்த திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அமுக்கம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பரவும் என்பதை 17ஆம் நூற்றாண்டிலே பிரான்சிய அறிஞர் பஸ்கால் விளக்கினார். 1795இல் இங்கிலாந்திலே பிரமா என்பவர் அவ்விதியைக் கொண்டு அமுக்கும் பொறியொன்றுக்கு உரிமம் பெற்றார். அன்று தொடங்கியது இந்தத் தொழில்.

இதன் வலிமையை வாசகர் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒரு சிலிண்டரின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 78 சதுர சென்ரிமீற்றர். ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 150 கிலோகிராம் அமுக்கம் கொடுத்தால் அது தள்ளும் விசை ஏறத்தாழ 12 தொன். ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலங்கூட இல்லாத குழாய்க்குள்ளே, நிறைசுமை ஏற்றிய லொறியொன்றின் பளு அடங்கிக் கிடக்கிறது. லொறி வந்தால் விலகுவோம். குழாயைக் கண்டு விலகுவார் யார்?

இங்கேதான் ஆபத்தின் வேர் இருக்கிறது. வாரால் ஓடும் பழைய ஆலையிலே ஆளியை அணைத்தால் சில்லு சற்றுநேரம் சுழன்று ஓயும். ஓய்ந்ததைக் கண்ணாற் காணலாம். ஐதரோலிக் இயந்திரத்திலோ மின்சாரத்தை நிறுத்தினாலும் அமுக்கம் நின்றுவிடாது. உருளை மேலும் கீழும் குதிக்கும்போது அதிர்ச்சியைத் தாங்குவதற்காக, நைதரசன் வாயு அடைத்த சேமக்கலன்களை எண்ணெய்க் குழாயோடு இணைத்திருப்பர். பம்பி நின்ற பின்பும் அந்த வாயு எண்ணெயை அமுக்கிக்கொண்டே இருக்கும். விளக்கு அணைந்திருக்கிறது, ஓசை அடங்கியிருக்கிறது, இயந்திரம் உறங்குகிறது என்று எண்ணித் தொழிலாளி உள்ளே இறங்குகிறான், ஒரு மூட்டைத் தளர்த்துகிறான், அல்லது ஒரு வால்வைத் திருப்புகிறான். அடுத்த கணத்தில் உறங்கியது விழித்துக்கொள்கிறது.

இயந்திரம் நின்றதா என்று கேட்பது போதாது. அமுக்கம் நின்றதா என்று கேட்கவேண்டும். இந்த ஒரு வசனத்தை ஒவ்வோர் ஆலையின் வாயிலிலும் எழுதி வைத்தால் என்ன?

காவல் ஐந்து

இந்த ஆபத்துக்கு மருந்தில்லை என்பதில்லை. பலகாலமாக அறிந்த மருந்துகள் உண்டு.

முதலாவது, அமுக்கம் வரம்பு மீறினால் தானே திறந்து எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பிவிடும் தளர்த்தி வால்வு. இது இயந்திரத்தின் உயிர்நாடி. இதன் திருகை இறுக்கினால் இயந்திரம் சற்று வேகமாக அரைக்கும் என்று கண்டுபிடித்த கெட்டிக்காரர் எல்லா நாட்டிலும் உண்டு. அவர் இறுக்குவது திருகையன்று. பக்கத்தில் நிற்பவனின் கழுத்தை.

இரண்டாவது, குழாய் வெடித்தாலும் பளு கீழே விழாதபடி சிலிண்டரின் வாயிலிலேயே பொருத்தப்படும் தடை வால்வு. ஆயினும் பளுவின்கீழ் ஒருவன் வேலைசெய்ய நேரும்போது வால்வை மாத்திரம் நம்பலாகாது. இரும்பு முட்டுக் கொடுத்தே ஆகவேண்டும். எண்ணெய் கசியும், இரும்புத் தூண் கசியாது.

மூன்றாவது, கதவோடு பூட்டிய கவசம். கவசக் கதவு திறந்திருக்கும்வரை இயந்திரம் ஓடாது. ஓடிக்கொண்டிருக்கும்போது திறந்தால் நின்றுவிடும். சாணைக்கல்லுக்கு இக்கவசம் இன்றியமையாதது. 200 மில்லிமீற்றர் விட்டமுள்ள கல் நிமிடத்துக்கு 2,850 தடவை சுழலும்போது அதன் விளிம்பு மணிக்கு 100 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்திலே ஓடுகிறது. வெடித்த கல்லின் துண்டு அதே வேகத்தில் வரும். கல்லைப் பூட்டுமுன் மெல்லத் தட்டிப் பார்த்து, மணிபோல் ஒலிக்கிறதா, உடைந்த சட்டிபோல் ஒலிக்கிறதா என்று கேட்கும் வழக்கம் முதிய தொழிலாளரிடம் இருந்தது. சந்தையிலே மண்பானை வாங்கும் நம் தாய்மார் செய்த சோதனையும் இதுவே. கல்லிலே எழுதப்பட்டிருக்கும் வேக எல்லையை இயந்திரத்தின் வேகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அதனினும் முக்கியம்.

நான்காவது, கைக்கெட்டும் தூரத்திலே அவசர நிறுத்தப் பொத்தான். மஞ்சள் நிறத் தளத்திலே சிவப்புத் தலை. அதை அமுக்கினால் இயந்திரம் நிற்கவேண்டும். மீண்டும் விடுவித்த மாத்திரத்தில் தானாக ஓடத் தொடங்கலாகாது.

ஐந்தாவதே எல்லாவற்றிலும் எளிது; எல்லாவற்றிலும் அதிகமாகப் புறக்கணிக்கப்படுவதும் அதுவே. இயந்திரத்தைத் திருத்த இறங்குபவன் பிரதான ஆளியை அணைத்து, அதிலே தன் சொந்தப் பூட்டைப் போட்டுத் திறப்பைத் தன் மடியிலே வைத்துக்கொள்ளவேண்டும். சேமக்கலனின் அமுக்கத்தை வெளியேற்றி, மானியின் முள் பூச்சியத்துக்கு வந்ததைத் தன் கண்ணாலே காணவேண்டும். பின்னரே கை வைக்கவேண்டும். மூவர் இறங்கினால் மூன்று பூட்டு. ஒரு பூட்டின் விலை என்ன? ஒரு கையின் விலை என்ன?

ஒப்பேற்றும் பழக்கம்

நம்மைப் பற்றி நாமே ஓர் உண்மையைச் சொல்லிக்கொள்ளவேண்டும். பொருளாதாரத் தடைக் காலத்திலே பெற்றோலின்றி மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓட்டியவர்கள் நாம். உதிரிப்பாகம் கிடையாதபோது கம்பியாலும் சிரட்டையாலும் ரியூப் துண்டாலும் இயந்திரங்களை உயிரோடு வைத்திருந்தவர்கள் நம் பட்டறைக்காரர்கள். அவர்களின் கைவண்ணம் இல்லாவிடின் வயலுக்கு நீர் ஏறியிராது. நோயாளி மருத்துவமனை சேர்ந்திரார். அவர்களை நாம் வணங்குகிறோம்.

ஆனால் அன்று நம்மைக் காத்த அதே பழக்கம் இன்று நம்மைக் கொல்லக்கூடும். கவசக் கதவின் ஆளி வேலைக்கு இடைஞ்சல் என்றால் அதைக் கம்பியால் கட்டிவிடுவது. தளர்த்தி வால்வு அடிக்கடி திறக்கிறது என்றால் அதை அடைத்துவிடுவது. வெடித்த குழாய்க்கு மேலே ரப்பர் சுற்றிவிடுவது. இவை யாவும் ஒப்பேற்றும் அறிவின் பிள்ளைகளே. வண்டியின் காபரேற்றரை ஏமாற்றலாம். 12 தொன் விசையை ஏமாற்ற முடியாது. எதை ஒப்பேற்றலாம், எதை ஒப்பேற்றலாகாது என்ற எல்லையை அறிவதும் தொழிலறிவின் ஒரு பாகமே.

அண்மையில் ஒரு கிராமத்து ஆலைக்குச் சென்றிருந்தோம். வாரின்மேல் பொருத்தவேண்டிய கம்பிவலைக் கவசம் சுவரிலே சாத்தப்பட்டிருந்தது. அதன்மேல் வெற்றுச் சாக்குகள் காய்ந்தன. மா அரைக்க வந்த பெண்கள், சேலைத் தலைப்பு காற்றில் ஆட, சுழலும் வாருக்கு ஒரு முழ தூரத்திலே வரிசையாக நின்றனர். ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டோம். வார் வழுவும்போதெல்லாம் கழற்றிப் பூட்ட நேரமில்லை என்றார் உரிமையாளர். அவர் கொடியவர் அல்லர், நல்லவர், கடனாளி. இதுவரை ஒன்றும் நடக்கவில்லையே என்றும் சொன்னார். நடந்த அன்று அந்த வாக்கியத்தைச் சொல்ல முடியாது என்பதை அவர் எண்ணவில்லை.

கமக்காரருக்கும் ஒரு சொல்

இது தொழிற்சாலைக்காரரின் விஷயம், நமக்கென்ன என்று கமக்காரர் எண்ணலாகாது. உழவு இயந்திரத்தின் பின்னே கலப்பையைத் தூக்குவது எது? சாய்த்துக் கொட்டும் பெட்டியைத் தூக்குவது எது? அதே ஐதரோலிக் எண்ணெய்தான். தூக்கிய பெட்டியின்கீழ் முட்டுக் கொடாமல் புகுவதும், தூக்கிய கலப்பையின்கீழ் படுத்து ஆணி பூட்டுவதும் ஆலைக்குள் இறங்குவதற்கு ஒப்பான ஆபத்தே.

இன்னொன்றும் உண்டு, இதை மருத்துவரும் கமக்காரரும் ஒருங்கே அறியவேண்டும். குழாயிலே ஊசித்துளை போன்ற கசிவு ஏற்பட்டால், அதிலிருந்து பாயும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது. விரலால் தடவிக் கசிவைத் தேடினால் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். வெளியிலே சிறு புள்ளி மாத்திரமே தெரியும். ஆரம்பத்தில் நோவும் குறைவு. முள் குத்தியது என்று எண்ணி எண்ணெய் பூசிக்கொண்டு இரண்டு நாள் இருந்துவிட்டால் விரல் போகும், கையும் போகலாம். இது சில மணி நேரத்துக்குள் சத்திரசிகிச்சை செய்யவேண்டிய காயம். கசிவைத் தேடுவதற்கு ஒரு மட்டைத் துண்டு போதும், விரல் வேண்டியதில்லை. மருத்துவமனைக்குச் செல்பவர் முள் என்று சொல்லாமல், அமுக்கத்திலிருந்த ஐதரோலிக் எண்ணெய் என்று சொல்லவேண்டும்.

சட்டம் தூங்குகிறதா?

சட்டம் இல்லை என்று சொல்வதற்கில்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், இயந்திரத்தின் அபாயமான பகுதிகளுக்கு வேலியிட வேண்டிய கடமையைத் தொழிற்சாலையை நடத்துவோர்மேல் சுமத்துகிறது. காயமடைந்தவருக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் உண்டு. 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால் தொழில்சார் பாதுகாப்புக்கென ஒரு தேசிய நிறுவகமும் அமைக்கப்பட்டது. 1963இல் ஜெனீவாவிலே சர்வதேச தொழில் அமைப்பு நிறைவேற்றிய 119ஆம் இலக்க உடன்பாடு இன்னொரு படி மேலே செல்கிறது: கவசமில்லாத அபாய இயந்திரத்தை விற்பதும் வாடகைக்கு விடுவதுமே தடுக்கப்படவேண்டும் என்கிறது.

இந்தக் கடைசிக் கருத்தே நமக்கு உயர்ந்ததாகத் தோன்றுகிறது. கடன்பட்டு இயந்திரம் வாங்கும் சிறு ஆலைக்காரர், கவசத்தைப் பின்னர் தேடிப் பொருத்துவார் என்று எதிர்பார்ப்பது பேதைமை. கவசம் இயந்திரத்தோடு கூடப் பிறக்கவேண்டும். துறைமுகத்திலே வரி கணக்கிடுகின்ற அரசு, கவசம் இருக்கிறதா என்று பார்க்க முடியாதா?

செலவாகும் என்ற கூச்சல் எழும். அது புதிய கூச்சலன்று. 1844இல் இங்கிலாந்தின் தொழிற்சாலைச் சட்டம் இயந்திரங்களுக்கு வேலியிடவேண்டும் என்று விதித்தபோது, ஆலை முதலாளிகள் இதே பாட்டைப் பாடினர். 1855இல் அவர்கள் சங்கமே கூட்டினர். சார்ள்ஸ் டிக்கின்ஸ் தம்முடைய வார இதழிலே அவர்களோடு இடைவிடாது போராடினார். இங்கிலாந்தின் ஆலைகள் வேலியால் மூடுண்டு போகவில்லை. வேலியிட்ட பின்னரும் செழித்தன. அன்று மன்செஸ்ரர் முதலாளிகள் சொன்ன சாட்டை இன்று நம்மவர் சொல்லவேண்டுமா?

எந்த மொழியில் எச்சரிக்கை?

இறுதியாக, நம் இனத்தின் நெஞ்சைத் தொடும் விஷயத்துக்கு வருகிறோம். இயந்திரம் எங்கிருந்தோ வருகிறது. அதன் நெற்றியிலே எச்சரிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. சில வேளை சீன மொழியில் இருக்கிறது. கைந்நூலும் அவ்வாறே. அதை ஓட்டுபவனோ தமிழன். 1956இல் தமிழ் புறந்தள்ளப்பட்ட வரலாற்றை நாம் மறக்கவில்லை. 1987இல் 13ஆம் திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழி என்று எழுதப்பட்டது. படிவத்திலும் பெயர்ப்பலகையிலும் தமிழ் கேட்டுப் போராடுகின்றோம், சரியே. ஆனால் பெயர்ப்பலகையைப் பிழையாக வாசித்தவன் வழி தவறுவான். எச்சரிக்கையை வாசிக்க முடியாதவன் உயிர் தவறுவான். மொழியுரிமை என்பது உயிருரிமை என்று மேடையிலே முழங்குகின்றோமே, அந்த முழக்கம் அப்படியே உண்மையாகும் இடம் இதுவன்றோ?

தமிழிலே இவற்றைச் சொல்ல முடியாது என்பாரும் உளர். அவர்கள் மானிப்பாய்க்குச் செல்லட்டும். 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், 1860களிலே அங்கே மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கி அச்சேற்றினார். உடலின் நரம்பையும் நாடியையும் அன்று சொல்லிய தமிழ், இன்று ஒரு வால்வையும் ஒரு பூட்டையும் சொல்லமாட்டாதா? குறை மொழியில் இல்லை, முயற்சியில் இருக்கிறது.

நாம் கேட்பது

நாம் கேட்பவை பெரியனவல்ல. வலயங்களுக்கு நிலம் ஒதுக்கும்போதே, கவசமும் பூட்டும் இல்லாத இயந்திரத்துக்கு அனுமதியில்லை என்று ஒப்பந்தத்தில் எழுதப்படவேண்டும். எச்சரிக்கையும் கைந்நூலும் தமிழிலே இல்லாத இயந்திரம் இயக்கப்படலாகாது. தொழிற்சாலைகளைப் பரிசோதிக்கும் பொறியியலாளர், விபத்துக்குப் பின் மரண விசாரணைக்கு வருபவராக அன்றி, விபத்துக்கு முன் ஆலைக்கு வருபவராக இருக்கவேண்டும். தொழிலாளரோடு தமிழிலே பேசவல்லவராகவும் இருக்கவேண்டும். சிறு ஆலைக்காரர் கவசம் வாங்குவதற்குக் கூட்டுறவுச் சங்கங்கள் குறைந்த வட்டியில் கடன் கொடுக்கட்டும்.

கற்றோருக்கும் கடமை உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியற் பீடமும், யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரியும், கிளிநொச்சியிலுள்ள ஜேர்மன் பயிற்சி நிலையமும் ஒன்றுகூடி, அரைக்கும் இயந்திரங்களுக்கென ஒரு சிறு தமிழ்க் கைந்நூலை வெளியிடுவது அரிய காரியமா? ஒரு மாணவர் குழு ஒரு கிராமத்து ஆலைக்குச் சென்று, வார் வழுவினாலும் எளிதிற் கழற்றிப் பூட்டத்தக்க கவசமொன்றைச் செய்து கொடுத்தால், அந்த உரிமையாளர் தடுக்கவா போகிறார்?

தொழிலாளருக்கு ஒரு சொல். கவசமில்லாத இயந்திரத்திலே கை வைக்கமாட்டேன் என்று சொல்வது கோழைத்தனமன்று, சோம்பலுமன்று. அது உன் பிள்ளைகளின் சோற்றைக் காக்கின்ற வீரம். நீ தனியே சொன்னால் வேலை போகும். எல்லோரும் சேர்ந்து சொன்னால் கவசம் வரும். தொழிற்சங்கம் சம்பளத்துக்கு மாத்திரம் உள்ளதன்று.

காங்கேசன்துறையிலே கல் வெட்டிய பள்ளங்கள் இன்றும் வாய் திறந்து கிடக்கின்றன. அங்கே மறுபடியும் சங்கு ஊதவேண்டும் என்று நாமும் விரும்புகிறோம். ஆனால் காலையிலே ஊதும் சங்குக்கு எத்தனை பேர் உள்ளே சென்றனரோ, மாலையிலே ஊதும் சங்குக்கு அத்தனை பேரும் முழு உடலோடு வெளியே வரவேண்டும். கல் அரைபடட்டும், மனிதன் அரைபடலாகாது.